அளவாகக் குடிக்கப் போன பன்னிரண்டு வாரம்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். தைத்து வந்த டி-ஷர்ட்டை மேசையில் விரித்து, மார்பு, நீளம், தோள், கை என்று இஞ்ச் டேப்பால் அளந்து, அளவுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அரை சென்டிமீட்டர் கூடலாம், அரை குறையலாம். அதைத் தாண்டினால் பீஸ் திரும்பிப் போகும். ஊரில் எல்லோர் கையிலும் செல்போன் வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு நிற்க நேரமில்லை.

ஒரு நாள் காலையில் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் சார்பில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். என் தாளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அதில் குறித்திருந்த பத்து பீஸையும் தானே எடுத்து அளந்தார். தாளில் பத்தும் சரியாக இருந்தன. மேசையில் நான்கு பீஸ் இரண்டு சென்டிமீட்டர் கூடுதல் அகலமாக இருந்தன. அவர் மறுபடியும் அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் அளந்திருக்கவே இல்லை. முதல் இரண்டை அளந்துவிட்டு, மீதி எட்டுக்கும் கைக்கு வந்த எண்ணை எழுதியிருந்தேன். முந்தின நாள் குடித்தது தலைக்குள் கல்லாக உட்கார்ந்திருந்தது. குனிந்தால் மேசை சுற்றியது.

முதலாளி அறுபதை நெருங்கியவர். இன்ஸ்பெக்டரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். பிறகு என்னிடம் வந்து, என் கழுத்தில் கிடந்த டேப்பை அவரே எடுத்துச் சுருட்டி மேசையில் வைத்தார். "இன்னைக்கு ஊட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க," என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். செக்கிங் மேசையில் இருந்த பெண்கள் எல்லோரும் கையிலிருந்த துணியை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைத் தாண்டி வெளியே வந்தேன்.

என் மனைவி ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். எங்கள் மகள் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மதியம் இருவரும் வந்தபோது நான் வீட்டில் இருந்ததைப் பார்த்ததும் மனைவிக்குப் புரிந்துவிட்டது. நடந்ததை முழுதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நிறுத்திப்போடலாமுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

குறைக்கிறேன் என்றேன். நிறுத்துகிறேன் என்று வாயில் வரவில்லை. ஷிப்மென்ட் போன அன்று சாயப்பட்டறைக்காரர், பிரிண்டிங்காரர், ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சன்டைசர் எல்லோரும் சேர்ந்து உட்காருவோம். அடுத்த ஆர்டரின் பாதிப் பேச்சு அங்கேதான் நடக்கும். அதைக் காரணமாகச் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. குடி இல்லாத ஒரு மாலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆறு மணிக்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான் என்றே எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய அண்ணன் இரண்டு முறை குடிநோய் மருத்துவமனையில் சேர்ந்து, இரண்டு முறையும் திரும்பி வந்து குடித்தவர். அதனால் பெரிய பெரிய வாக்குறுதிகளில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. "சத்தியமெல்லாம் ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. யாருகிட்டயாவது போய்ப் பேசோணும். நானும் வாரேன்," என்றாள்.

அவிநாசியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஒரு மனநல ஆலோசகர் இருக்கிறார் என்று அவள் பள்ளியில் யாரோ சொன்னார்கள். திருப்பூரில் பார்க்கச் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். மாடிப்படி ஏறும்போது கம்பெனி ஆள் யாராவது பார்த்துவிடுவான். அவிநாசி என்றால் கோயிலுக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆலோசகர் முப்பது வயதுப் பெண். தெற்கத்திப் பேச்சு. என்னை விடச் சிறியவர் என்பதிலேயே எனக்கு ஒரு எரிச்சல் வந்தது. உட்கார்ந்ததும், "நிறுத்தறதுக்கு வரலீங்க. குறைக்கறதுக்கு வந்திருக்கறேன்," என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. கேள்விகள் கேட்டார். காலையில் எழுந்ததும் கை நடுங்குமா, எழுந்தவுடன் குடிக்கத் தோன்றுமா, குடிக்காமல் விட்ட நாளில் வியர்த்துக் கொட்டியதா, வலிப்பு வந்ததா. எதுவும் இல்லை என்றேன். கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, கீழே மருந்துக் கடையில் உட்காரும் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். கல்லீரல் கெட்டிருந்தால் குறைக்கிற பேச்சுக்கே இடமில்லை, அப்போது டாக்டர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டியதுதான் என்றும் சொன்னார். ரிப்போர்ட் வரும்வரை இரண்டு நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எண்கள் சற்றே கூடியிருக்கின்றன, பயப்படும்படி இல்லை என்றார் டாக்டர்.

அதன் பிறகுதான் ஆலோசகர் விஷயத்துக்கு வந்தார். "குறைக்க முடியுதவங்க இருக்காங்க. முடியாதவங்களும் இருக்காங்க. முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியாது. பன்னிரண்டு வாரம் பார்ப்போம். கடைசியில நீங்களே எனக்குச் சொல்லுவீங்க."

என் மனைவி பக்கம் திரும்பி, நீங்கள் அவர் குடிக்கிறதை எண்ண வேண்டாம், பாட்டிலைத் தேட வேண்டாம், அது அவர் வேலை என்றார். ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு நாளும் மாலை வீட்டில் எப்படி இருந்தது என்று மட்டும் இரண்டு வரி எழுதச் சொன்னார். எனக்கும் ஒரு நோட்டு. எத்தனை மணிக்கு, எங்கே, யாருடன், எவ்வளவு, அதற்கு முன் மனதில் என்ன ஓடியது. "பொய் எழுதுனாலும் பரவாயில்ல, எழுதாம மட்டும் வராதீங்க," என்றார்.

முதல் வேலையாக, நான் வழக்கமாகக் குடிக்கும் டம்ளரில் வழக்கமாக ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அதை அளந்து வரச் சொன்னார். அளவு குறித்த சின்ன பிளாஸ்டிக் மூடி ஒன்றையும் கொடுத்தார், இருமல் மருந்தோடு வருமே, அந்த மாதிரி. அது நிறைய ஊற்றினால் முப்பது மில்லி, அதைத்தான் ஒன்று என்று எண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தார். வீட்டில் ஊற்றிப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து மில்லி வந்தது. கை தவறியிருக்கும் என்று மறுபடியும் ஊற்றினேன். அதற்கும் கொஞ்சம் மேலே போனது. இத்தனை வருடமாக இரண்டே இரண்டுதான் குடிக்கிறேன் என்று நான் சொன்னது, அந்த மூடியின் கணக்கில் ஆறுக்கும் மேலே. நாள் முழுக்க ஊரான் வீட்டு பனியனை அரை சென்டிமீட்டர் வரை அளக்கிறவன், சொந்த டம்ளரை ஒரு நாளும் அளந்ததில்லை.

முதல் மூன்று வாரம் ஒரு சொட்டும் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. உடம்பு அதை மறக்கட்டும், பிறகு அளவு வைப்போம் என்றார். முதல் வாரம் சரியான தூக்கமில்லை, யாரைப் பார்த்தாலும் கோபம். ஆசை வரும்போது அதோடு மல்லுக்கு நிற்காமல், பதினைந்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கச் சொல்லியிருந்தார். ஏறும், ஏறின மாதிரியே இறங்கும் என்றார். நான் உட்கார்ந்து பார்க்கிற ஆள் இல்லை. ரயில்வே கேட் வரை வேகமாக நடந்து போய்த் திரும்புவேன். சில நாள் திரும்பி வருவதற்குள் இறங்கியிருக்கும். சில நாள் வீட்டு வாசல் வரை கூடவே வரும். மறுபடியும் கேட்டுக்கு நடப்பேன். இரண்டாம் வாரக் கடைசியில் சாப்பாட்டுக்கு ருசி வந்தது. மூன்றாம் வாரம் மகளோடு உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னேன். நான் திருந்திவிட்டதாகவே நினைத்தேன்.

நான்காம் வாரத்திலிருந்து அளவு தொடங்கியது. செவ்வாய், வியாழன், சனி. ஏழு மணிக்கு மேல். சாப்பிட்ட பிறகு. மூடியால் அளந்து இரண்டு. நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர். பாட்டிலில் மிஞ்சினதைக் கொட்டிவிட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது. இத்தனையையும் நானே என் கையால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன்.

ஆறாம் வாரம் பொங்கலூரில் என் மனைவியின் சித்தப்பா வீட்டுக் கெடா விருந்து. போவதற்கு முன் ஆலோசகர் என்னை ஒத்திகை பார்க்க வைத்தார். சித்தப்பா வேடம் அவருக்கு. டம்ளரை நீட்டி, "மாப்பிள்ளை, எனக்காக ஒண்ணு," என்றார். நான் வயிற்றுவலி என்றேன். "இது வயித்துக்கு நல்லது மாப்பிள்ளை," என்றார். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். "ஒரு நாளைக்கு மாத்திரைய விடுங்க," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்காமல் சொன்னார்: "காரணம் சொன்னீங்கனா ஒவ்வொரு காரணத்துக்கும் அவங்ககிட்ட ஒரு பதில் இருக்கும். போதும்னு மட்டும் சொல்லுங்க. கேட்டா, மறுபடியும் அதையே சொல்லுங்க."

பொங்கலூரில் அப்படித்தான் செய்தேன். சோளக்காட்டு ஓரத்தில் பாய் விரித்து ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். என் அளவு இரண்டு முடிந்தது. சித்தப்பா நிஜமாகவே டம்ளரை நீட்டி, "ஏனுங் மாப்பிள்ளை, நம்ம ஊட்டு விருந்து, இப்புடிப் பண்ணலாமுங்களா?" என்றார். போதுமுங்க என்றேன். நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் போதுமுங்க. ஐந்தாம் முறை அவர் பக்கத்து ஆளிடம் நீட்டிவிட்டார். எழுந்து போய்ப் பெண்கள் பந்தியில் பரிமாறினேன். பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி தோளில் சாய்ந்து தூங்கினாள். ரொம்ப நாளாக அவள் அப்படிச் சாய்ந்ததில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு அரை பாட்டில் வாங்கி வந்து, தனியாக உட்கார்ந்து, முழுதும் குடித்தேன். அவளும் மகளும் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். யாரோடும் சண்டை இல்லை, எந்தக் கவலையும் இல்லை. மூடியைத் தொடவே இல்லை. நோட்டில் அந்தப் பக்கத்தை வெள்ளையாக விட்டேன்.

வியாழக்கிழமை அந்த வெள்ளைப் பக்கத்தைத்தான் ஆலோசகர் முதலில் பார்த்தார். எல்லாம் போய்விட்டது, இனிமேல் எதற்கு வருவது என்றேன். அவர், அந்த ஞாயிறு காலையில் கண் விழித்ததிலிருந்து என்னென்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். சனிக்கிழமை கம்பெனியில் ஒரு பெரிய லாட் இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷம். காலையில் லேட்டாக எழுந்து, மதியம் சாப்பிடவில்லை. கறிவேப்பிலை வாங்க வெளியே போனேன்.

"ஒயின் ஷாப்புக்குப் போலாம்னு எங்க வச்சு முடிவு பண்ணுனீங்க?" என்றார்.

"கடை வாசல்லீங்க."

"கறிவேப்பிலை எங்க கிடைக்கும்?"

எங்கள் தெருமுனையில் கிடைக்கும். நான் மூன்று தெரு தள்ளி, ஒயின் ஷாப் இருக்கும் சாலை வழியாகப் போயிருந்தேன். அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். அந்த நாளை நோட்டில் இப்போது எழுதுங்கள் என்றார். அவர் எதிரிலேயே எழுதினேன். வெறும் வயிறு, தனிமை, நல்ல செய்தி, அந்தச் சாலை. வீழ்ந்த நாளில் கற்றுக்கொண்டதையும் சேர்த்துத்தான் பன்னிரண்டு வாரம் என்றார். இனி ஞாயிறு மதியம் வீட்டில் தனியாக இருப்பதில்லை என்று முடிவெடுத்தோம்.

அந்த மாடியில் காத்திருக்கும்போது பக்கத்து மங்கலம் ஊர் விசைத்தறிக்காரர் ஒருவரைப் பார்ப்பேன். ஐம்பது வயது இருக்கும். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர், அதனால் கத்தித்தான் பேசுவார். எனக்குக் கொடுத்த அதே மாதிரி நோட்டுதான் அவருக்கும். பத்தாம் வாரம் என்று நினைக்கிறேன், அவர் நோட்டைப் புரட்டியபடி எல்லோருக்கும் கேட்க, "தம்பி, வேடிக்கையைக் கேளுங்க. சனிக்கெழமை குடிக்கிற நாளு. ஞாயித்துக்கெழமை எழுதோணும்னு நோட்ட எடுத்தாத்தான் நெனப்பு வருது, நான் குடிக்கவே இல்லீங்க. மறந்தே போச்சு," என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் உள்ளே என்னவோ போல் ஆகிவிட்டது. எட்டாம் வாரத்திலிருந்து நான் ஒரு முறைகூட அளவைத் தாண்டவில்லை. ஒரு முறைகூட மறக்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பல் துலக்கும்போதே அது செவ்வாய்க்கிழமை என்று தெரியும். கம்பெனியில் நான்கு மணிக்குக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பேன். ஏழு மணிக்கு மூடியை எடுக்கும்போது கை அவ்வளவு கவனமாக இருக்கும், விளிம்புக்கு மேல் கொஞ்சம் குவிந்து நிற்கிற மாதிரி ஊற்றுவேன். இரண்டும் ஏழரைக்குள் தீர்ந்துவிடும். பிறகு வியாழன் எப்போது வரும் என்று இருக்கும். அந்த விசைத்தறிக்காரரை இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். ஒன்று ஊற்றி, பாதி குடித்து, மீதியை வைத்துவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் எழுந்து போனார். அவரால் முடிந்தது. இன்றும் அவர்மேல் எனக்குப் பொறாமைதான்.

பன்னிரண்டாம் வாரம் என் நோட்டை ஆலோசகர் மேசையில் வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்து வாரம், ஒரு பிசகு இல்லை. அவர் பார்த்துவிட்டு, நல்லா செய்திருக்கீங்க என்றார். பிறகு என் மனைவியிடம், நீங்கள் எழுதியதை அவர் படிக்கலாமா என்று கேட்டார். அவள் கைப்பையிலிருந்து ஒரு நாலு கோடு நோட்டை எடுத்தாள், பள்ளியில் குழந்தைகள் எழுதிப் பழகுகிற நோட்டு. "நானே படிக்க மாட்டேனுங்க. அவரே பார்க்கட்டும்," என்று என்னிடம் கொடுத்தாள்.

முத்து முத்தான டீச்சர் கையெழுத்து. திங்கள்: குடிக்காத நாள். பாப்பாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். மூணு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். செவ்வாய்: குடிக்கிற நாள். ஆறு மணிக்கு வந்தார். ஏழு வரைக்கும் யாருகிட்டயும் பேசவில்லை. பாப்பா இரண்டு தடவை கூப்பிட்டாள். கேட்கவில்லை. ஏழரைக்கு அப்புறம் கோபமாக இருந்தார். புதன்: பரவாயில்லை. சிரித்தார். வியாழன்: குடிக்கிற நாள். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

பக்கம் பக்கமாக அப்படித்தான் இருந்தது. என் நோட்டில் எல்லா எண்ணும் சரி. அவள் நோட்டில் வாரத்துக்கு மூன்று நாள் நான் வீட்டில் இருந்தும் இல்லை. பதினோராம் வாரத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'ஸ்கூல் விட்டு வரும்போது பாப்பா கேட்டாள், அப்பாவுக்கு இன்னைக்கு எந்த நாளும்மா என்று.'

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். கீழே சாலையில் சேலம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எனக்கு இந்த ரெண்டு வேண்டாமுங்க," என்றேன். "ஒண்ணுமே இல்லாத நாளுகூடப் போயிருதுங்க. இந்த ரெண்டுக்காகக் காத்துக் கெடக்கறதுதான் முடியறதில்ல."

ஆலோசகர் தலையசைத்தார். தோற்றுவிட்டேனா என்று கேட்டேன். "முதல் நாளே நான் நிறுத்துங்கனு சொல்லியிருந்தா, நீங்க ரெண்டாவது தடவை இந்தப் படி ஏறியிருக்க மாட்டீங்க," என்றார். "இப்ப நீங்க சொல்லுதீங்க. இதுக்குத்தான் பன்னிரண்டு வாரம்."

என் மனைவி அழவில்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை. நோட்டை வாங்கிப் பையில் வைத்தாள். "மறுபடியும் எப்ப வரோணுமுங்க?" என்று ஆலோசகரிடம் கேட்டாள். மாதம் ஒரு முறை என்றார். ஒரு வருடம் போனோம். அந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை சறுக்கினேன், இரண்டையும் மறுநாளே எழுதினேன். ஷிப்மென்ட் கூட்டங்களுக்குப் போவதை விட்டேன். அங்கே என்னைத் தேடுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு மாதத்தில் என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

அவள் நோட்டைப் படித்த அன்று அவிநாசியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணி. வியாழக்கிழமை. ஆறு ஆனது. செருப்பைப் போட்டேன், கழற்றினேன். மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இன்று எந்த நாளுமில்லை என்று அவளிடம் சொல்ல நினைத்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து நீட்டினாள். ஊறவைத்து உலர்த்திய அரிசி. "மில்லுக்குப் போயி அரைச்சுட்டு வாரீங்களா? கூட்டமா இருந்தா நின்னு வாங்கியாங்க. அவசரமில்லீங்க," என்றாள்.

மில்லில் எனக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். வரிசையில் நின்றேன். கால் மாற்றி நின்றேன். மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியவில்லை. வெண்ணிற மாவு காற்றில் பறந்து சட்டையில் படிந்தது. வரிசை மெதுவாக நகர்ந்தது. சூடான மாவோடு வீட்டுப் படியேறியபோது ஏழே முக்கால் ஆகியிருந்தது.